மீண்டும் வருமோ என்னும் அச்சம்

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது" என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. கொரோனாவில் கடுமையாகப் படுத்து எழுந்தவர்களின் நிலையும் இதுதான். நோய் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. உலக சுகாதார நிறுவனமும் 2023 மே 5 அன்று நெருக்கடி நிலை முடிந்தது என அறிவித்துவிட்டது. ஆயினும் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருமினால் இவர்களுக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிறது. "திரும்பவும் வந்துவிட்டால்? இந்த முறை பிழைப்போமா?" என்ற கேள்வி உள்ளுக்குள் எழுகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பலர் சொல்வதில்லை.

நானும் அவர்களில் ஒருவன். 2021 மே மாதம் இரண்டு நுரையீரல்களிலும் நிமோனியா கண்டு, பதினோரு நாட்கள் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்தவன். பள்ளியில் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் ஆதலால், என் மனதில் எழுந்த கேள்விகளுக்கு விடை தேடிப் படித்தேன். சங்கத்துக்கு வரும் அன்பர்கள் சிலரும் இதே கேள்விகளைக் கேட்டார்கள். படித்தவற்றை ஒரு பாடமாக இங்கே தொகுத்துத் தருகிறேன். நான் மருத்துவன் அல்லன். அவரவர் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை மருத்துவரிடமே பெற வேண்டும்.

தீவுவாசிகளான நமக்கு இந்த அச்சம் சற்றுக் கூடுதல். அதற்குக் காரணமும் உண்டு. மெயின்லேண்டில் ஒரு மருத்துவமனையில் இடம் இல்லையென்றால் அடுத்த ஊருக்கு வண்டியில் போய்விடலாம். இங்கே டிக்லிப்பூரிலோ, ஹட்பேயிலோ, கேம்ப்பெல் பேயிலோ இருப்பவருக்கு நோய் முற்றினால் தலைநகருக்கு வந்து சேர வேண்டும். போர்ட் பிளேயர் என்று நாம் அழைத்துப் பழகி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அந்த நகரிலும் முடியாவிட்டால் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ விமானம் ஏற வேண்டும். நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல். மூச்சு வாங்கும் நேரத்தில் இந்தத் தூரம் நினைவுக்கு வராமல் இருக்குமா?

ஆகவே, "பயப்படாதீர்கள்" என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. எதற்கு, எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதை அளந்து கொள்வதே நோக்கம்.

மறுதொற்று என்பது எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குணமான பிறகு காய்ச்சலோ களைப்போ வந்தால், "அது திரும்பிவிட்டது" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இதில் நான்கு வேறு நிலைகள் உள்ளன.

முதலாவது, மறுதொற்று. பழைய கிருமி உடலை விட்டு முற்றிலும் நீங்கிய பின், வெளியிலிருந்து அதே இனக் கிருமி புதிதாக வந்து தொற்றுவது.

இரண்டாவது, மறுகிளர்ச்சி. கிருமி உடலுக்குள்ளேயே ஒளிந்திருந்து மீண்டும் தலைதூக்குவது. இதற்கு நம் தீவுகள் நன்கறிந்த உதாரணம் மலேரியா. வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, கொசு கடிக்காமலேயே சில மாதங்கள் கழித்துக் காய்ச்சலை உண்டாக்கும். அதனால்தான் காய்ச்சல் நின்ற பிறகும் பதினான்கு நாள் மாத்திரையை முடிக்கச் சொல்கிறார்கள். கொரோனா இப்படிக் கல்லீரலில் பதுங்கிப் படையெடுக்கும் நோய் அல்ல.

மூன்றாவது, எச்சம். 2020 இல் தென் கொரியாவில் குணமாகி வீடு திரும்பிய பலருக்குச் சோதனையில் மறுபடியும் கொரோனா இருப்பதாக வந்தது. உலகமே அதிர்ந்தது. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அத்தகைய 285 பேரையும், அவர்களோடு பழகிய 790 பேரையும் ஆராய்ந்தது. அவர்களிடமிருந்து மட்டுமே நோய் தொற்றியதாக ஒருவரைக்கூடக் காண முடியவில்லை. சோதனை கண்டுபிடித்தது இறந்த வைரஸின் துணுக்குகளை. தீ அணைந்த அடுப்பில் சாம்பல் கிடப்பது போல என்று கொள்ளலாம்.

நான்காவது, பின்விளைவு. களைப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், தூக்கமின்மை, மறதி போன்றவை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. இது உண்மையான உடல் தொல்லை. இதற்கு மருத்துவம் தேவை. ஆனால் இது புதிய தொற்று அன்று.

பயந்திருக்கும் மனதுக்கு இந்த நான்கும் ஒன்றாகவே தெரியும். இன்றைய களைப்பு நாலாவது வகை என்று அறிந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

முதல் சந்திப்பே கொடியது

ஒரு நோய்க் கிருமியை அதுவரை அறியாத உடல் முதன்முதலாகச் சந்திக்கும்போதுதான் அதன் கொடுமை உச்சத்தில் இருக்கும். இதற்கு நம் தீவுகளின் வரலாற்றைவிடத் துயரமான சான்று வேறில்லை.

1858 இல் ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியபோது பெரிய அந்தமானியப் பழங்குடியினர் பல ஆயிரம் பேர் வாழ்ந்து வந்தனர். 1877 இல் தட்டம்மை அவர்களிடையே புகுந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த நோயைக் கண்டிராத மக்கள் அவர்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் மாண்டிருப்பர் என்று, பின்னாளில் அவர்களைக் கவனிக்கும் அதிகாரியாக இருந்த போர்ட்மன் கணித்தார். வேறு நோய்களும் சேர்ந்துகொள்ள, 1901 கணக்கெடுப்பில் 625 பேரே எஞ்சினர். 1961 இல் வெறும் 19 பேர்.

எனவேதான் 2020 ஆகஸ்டில், ஐம்பது சொச்சம் பேரே உள்ள அந்தச் சமூகத்தில் பத்துப் பேருக்குக் கொரோனா என்ற செய்தி வந்தபோது தீவு முழுவதும் கலங்கியது. நல்லவேளையாக, உடனே கண்டறிந்து தனிமைப்படுத்திக் கவனித்ததால் அனைவரும் குணமடைந்தனர்.

இனி, இரண்டாவது சந்திப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு தீவின் கதையே சான்று. வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் உள்ளன. அங்கே 1781 இல் தட்டம்மை வந்தது. பின் அறுபத்தைந்து ஆண்டுகள் வரவேயில்லை. 1846 இல் மீண்டும் வந்தபோது ஏறத்தாழ 7,800 மக்களில் சுமார் 6,000 பேரைப் பிடித்தது. அதை ஆராயச் சென்ற பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் ஒரு வியப்பைக் கண்டார். 1781 இல் குழந்தைகளாக இருந்து தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்கள் சிலர் இன்னும் உயிரோடிருந்தனர். அவர்களில் ஒருவரைக்கூட அந்த நோய் இரண்டாம் முறை தொடவில்லை. அறுபத்தைந்து ஆண்டு கழித்தும் உடல் மறக்கவில்லை!

எல்லா நோயும் தட்டம்மை அல்ல

"அப்படியானால் கொரோனாவும் ஒரு முறை வந்தால் போதுமா?" என்று கேட்கலாம். இல்லை. நோய்க்கு நோய் இதில் வேறுபாடு உண்டு. நம் தீவுகளிலேயே காணக்கூடிய இரண்டு நோய்களைப் பார்ப்போம்.

எலிக்காய்ச்சல்: 1988 முதல் மழைக்காலம் முடியும் தறுவாயில் இங்கே ஒரு மர்மக் காய்ச்சல் பரவியது. நுரையீரலில் இரத்தம் கசிந்து சிலர் இறந்தனர். "அந்தமான் இரத்தக் கசிவுக் காய்ச்சல்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அது எலியின் சிறுநீர் வழியாக வயல் நீரில் பரவும் லெப்டோஸ்பைரா கிருமியால் வரும் எலிக்காய்ச்சல் என்பதை 1990களின் முற்பகுதியில் கண்டறிந்தவர்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983 இல் இங்கு நிறுவிய மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தினர். இந்தக் கிருமியில் பல வகைகள். ஒரு வகை வந்து போனால் பெரும்பாலும் அந்த வகைக்கு மட்டுமே எதிர்ப்பாற்றல் கிடைக்கும். ஆகவே சேற்றில் இறங்கும் விவசாயிக்கு அது மறுபடியும் வரலாம்.

டெங்கு: இதில் நான்கு வகைகள். முதலில் ஒரு வகை வந்து, பின்னர் வேறொரு வகை வந்தால், இரண்டாவது காய்ச்சல் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. முதல் நோயில் உண்டான எதிர்ப்பொருள்கள் புதிய வகையைக் கொல்லாமல், அது செல்களுக்குள் புகத் துணைபோய்விடுவதுதான் காரணம்.

நம்மவர்களின் அச்சத்துக்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். "ரெண்டாவது தடவை வந்தா ஆளைத் தூக்கிரும்" என்று டெங்குவைப் பற்றிக் கேட்ட பேச்சை நாம் கொரோனாவுக்கும் பொருத்திப் பார்க்கிறோம். கொரோனா டெங்குவின் வழியில் போகவில்லை என்பதே ஆய்வுகள் கூறும் செய்தி. அதை அடுத்துக் காண்போம்.

கொரோனாவைப் பற்றி அறியப்பட்டவை

கொரோனா மறுதொற்று முதன்முதலில் மரபணுச் சோதனையால் உறுதி செய்யப்பட்டது 2020 ஆகஸ்டில், ஹாங்காங்கில். 33 வயதுள்ள ஒருவருக்கு மார்ச்சில் காய்ச்சலும் இருமலுமாக நோய் வந்து குணமானது. 142 நாட்கள் கழித்து, ஸ்பெயினிலிருந்து திரும்பியபோது விமான நிலையச் சோதனையில் மறுபடியும் தொற்று தெரிந்தது. வைரஸ் வேறு வகை. இரண்டாம் முறை அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. "மறுபடியும் வரும்" என்ற தலைப்பை எல்லோரும் படித்தோம். "ஆனால் நோயாக மாறவில்லை" என்ற பின்பாதி மனதில் தங்கவில்லை.

ஒருவரை வைத்து முடிவு கட்டலாகாது. பலரை வைத்து நடந்த ஆய்வுகளைக் காண்போம்.

பிரிட்டனில் 25,000க்கும் மேற்பட்ட மருத்துவமனைப் பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முன்பே நோய் கண்டவர்களுக்கு ஏழு மாத அளவில் மறுதொற்று அபாயம் 84 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2021 இல் வெளியிட்டார்கள்.

கத்தார் நாட்டில் மறுதொற்று கண்ட 1,304 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் நோய் கடுமையானது நால்வருக்கு மட்டுமே. தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனவர் எவருமில்லை, இறந்தவரும் இல்லை. முதல் தொற்றோடு ஒப்பிட்டால் கடும் நோய்க்கான வாய்ப்பு 90 விழுக்காடு குறைவு. இதுவும் 2021 இல் வந்த முடிவே.

2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்து கணக்கை மாற்றியது. 19 நாடுகளில் நடந்த 65 ஆய்வுகளைத் தொகுத்து 2023 பிப்ரவரியில் லான்செட் இதழ் வெளியிட்ட கட்டுரை அதைத் தெளிவாக்குகிறது. முன்பு நோய் கண்டு 40 வாரங்கள் ஆனவருக்கு, ஒமிக்ரானின் முதல் வகை மீண்டும் தொற்றுவதைத் தடுக்கும் ஆற்றல் சுமார் 36 விழுக்காடாகச் சரிந்திருந்தது. ஆனால் கடும் நோயைத் தடுக்கும் ஆற்றல் சுமார் 89 விழுக்காடாக நின்றது.

இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு என்றால் அது இந்த இரண்டு எண்களே. "மீண்டும் வருமா?" என்பது ஒரு கேள்வி, "மீண்டும் அந்தக் கட்டில் வரை கொண்டுபோகுமா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை: வரலாம், பலருக்கு வந்தும் இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு விடை: பெரும்பாலோர்க்குக் கொண்டுபோகாது. அச்சம் இவ்விரண்டையும் ஒரே கேள்வியாக்கிவிடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மறுதொற்று முற்றிலும் தீங்கற்றது என்று கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்று, மறுதொற்று கண்டவர்களுக்கு அது காணாதவர்களைவிட உடல் தொல்லைகள் கூடுதல் என்று 2022 இல் தெரிவித்தது. முதியோர், சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், சிறுநீரகம் மாற்றிக் கொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். இவர்கள் எச்சரிக்கையாக இருப்பது கோழைத்தனம் ஆகாது; அறிவுடைமை.

ஜெட்டியில் ஒரு காவல், ஊருக்குள் ஒரு காவல்

அந்த 36க்கும் 89க்கும் ஏன் இத்தனை வேறுபாடு? நம் ஊர் உவமை ஒன்றால் விளக்கலாம்.

உடலை ஒரு தீவாகக் கொள்வோம். மூக்கும் தொண்டையும் ஜெட்டி. அங்கே நிற்கும் காவலர்கள்தாம் எதிர்ப்பொருள்கள். நோய் வந்து போன புதிதில் ஜெட்டி முழுக்கக் காவலர்கள் நிற்பார்கள். படகு கரையேறவே முடியாது. மாதங்கள் செல்லச் செல்ல அவர்கள் எண்ணிக்கை குறையும். வைரஸும் தன் மேற்புற வடிவத்தை மாற்றிக்கொண்டு வருவதால், இருக்கும் காவலருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். இதனால்தான் மறுதொற்று ஏற்படுகிறது.

ஊருக்குள் இன்னொரு படை முகாம் இருக்கிறது. நினைவுச் செல்கள் என்று அதற்குப் பெயர். பகைவன் சட்டையை மாற்றி வந்தாலும் நடையைக் கொண்டு கண்டுபிடிப்பவை டி செல்கள். புதிய எதிர்ப்பொருள்களை விரைந்து தயாரிப்பவை பி செல்கள். இவை ஜெட்டியில் நிற்பதில்லை. படகு கரையேறிய பின் ஓரிரு நாட்களில் திரண்டு வந்து, நுரையீரலை எட்டுமுன் மறிக்கும். ஆகவே சளி, காய்ச்சல் என்ற அளவில் பெரும்பாலும் முடிந்துவிடும். முதல் முறை இந்தப் படையே இல்லை. அதைத் திரட்டவே ஒன்றிரண்டு வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில்தான் நாம் படுத்த படுக்கையானோம்.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? 2003 இல் சார்ஸ் நோய் கண்டவர்களைச் சிங்கப்பூரில் பதினேழு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது டி செல் நினைவு இருந்தது. 1918 ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சலைச் சிறுவயதில் கடந்து வந்த முதியோரிடம் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கிருமிக்கு எதிரான செல்கள் இருந்தன.

தடுப்பூசி இந்த முகாமுக்குக் கொடுக்கும் பயிற்சியாகும். தகுதியுள்ள வயதுவந்தோர் அனைவருக்கும் இரண்டு ஊசியும் போட்டு முடித்ததாக 2021 டிசம்பரில் நம் நிர்வாகம் அறிவித்தது. வடக்கிலிருந்து தெற்கே சுமார் 800 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் தீவுகளில் அது சாதாரண காரியம் அன்று. நோயும் கண்டு ஊசியும் போட்டவர்களின் எதிர்ப்பாற்றல் இரண்டில் ஒன்று மட்டும் பெற்றவர்களைவிட வலுவானது.

அறிந்த பின்னும் அஞ்சுவது ஏன்?

இத்தனையும் படித்த பிறகும், இருமல் சத்தம் கேட்டால் என் கை தானாகச் சட்டைப்பையிலுள்ள முகக்கவசத்தைத் தேடுகிறது. எண்கள் அறிவுக்குப் புரிகின்றன, நெஞ்சுக்குப் புரியவில்லை. ஏன்?

2004 டிசம்பர் 26 ஐ நினைத்துப் பாருங்கள். சுனாமிக்குப் பின் மாதக்கணக்கில் சிறு நடுக்கங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மக்கள் வீட்டை விட்டு மேட்டுக்கு ஓடினார்கள். சுவர் மின்விசிறி அசைந்தாலும், லாரி போய் ஜன்னல் அதிர்ந்தாலும் அதே ஓட்டம். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலிருந்து மனநல மருத்துவர்கள் முகாம்களுக்கு வந்து மக்களோடு பேசினார்கள். ஓடியவர்களை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. பேராபத்தில் தப்பிய மனம், அது தொடர்பான சிறு அறிகுறியையும் பேராபத்தாகவே எடுத்துக்கொள்ளும். உயிரைக் காப்பாற்ற இயற்கை வைத்த ஏற்பாடு அது. ஆபத்து கடந்த பின்னும் அந்த மணி ஓயாமல் அடிப்பதுதான் தொல்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று முன்னோர் சொன்னது இதைத்தான்.

கடும் கொரோனா ஒரு சுனாமியே. மூச்சு முட்டியது, பக்கத்துக் கட்டில் காலியானது, வீட்டார் முகம் காணாமல் கிடந்தது எல்லாம் சேர்ந்தது. இத்தாலியில் ரோம் நகர மருத்துவமனையொன்றில், கொரோனாவில் குணமான 381 பேரைப் பரிசோதித்ததில் 30 விழுக்காட்டினருக்கு இத்தகைய அதிர்ச்சி நோய் இருந்தது. ஹாங்காங்கில் சார்ஸ் கண்டு பிழைத்த 90 பேரில் இரண்டரை ஆண்டுகள் கழித்தும் நான்கில் ஒருவருக்கு அது இருந்தது. எனவே உங்களுக்கு இருந்தால் நீங்கள் தனி ஆள் அல்லர். இது மனத்திடம் இல்லாமை அன்று. பெயருள்ள, மருந்துள்ள ஒரு நோய்.

இந்த அச்சத்தின் ஒரு குணத்தை அறிந்துகொள்வது நல்லது. அஞ்சும் இடத்தை விட்டு விலகினால் அப்போதைக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் "விலகியதால்தான் பிழைத்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் விலகச் சொல்லும். இன்று திருமணம், நாளை கடைத்தெரு, பிறகு வாசல். தீவுக்குள் இன்னொரு தீவாகிவிடுவோம்.

மூச்சு வாங்குகிறது: அச்சமா, நோயா?

இது உயிர் தொடர்பான கேள்வி ஆதலால் கவனமாகப் படியுங்கள்.

அச்சத்தால் வரும் மூச்சுத் திணறல் திடீரென எழும். பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரைமணியில் அடங்கும். விரல் நுனியும் உதடும் மரத்துப் போகும், நெஞ்சு படபடக்கும், காய்ச்சல் இராது. ஆக்ஸிமீட்டர் 95க்கு மேல் காட்டும்.

நுரையீரல் நோயால் வருவது மணிக்கணக்கில், நாட்கணக்கில் கூடிக்கொண்டே போகும். காய்ச்சல், இருமல் சேரும். நடந்தால் அதிகமாகும், ஆக்ஸிஜன் அளவு இறங்கும். 94க்குக் கீழே போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் கருவி தவறாகக் காட்டும். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. ஆகவே எண் நன்றாயிருந்தும் உடல் மோசமாக இருந்தால் உடலையே நம்புங்கள்.

நெஞ்சு வலி, வியர்வை, இடது கை வலி இவற்றோடு மூச்சுத் திணறல் வந்தால் "அச்சம்தான்" என்று வீட்டில் முடிவு கட்டாதீர்கள். அது இதயமாக இருக்கலாம்.

நலமாக இருக்கும் நாளில் ஆக்ஸிமீட்டரை இருபது முறை மாட்டிப் பார்ப்பது நோயைத் தடுக்காது. அச்சத்துக்குத் தீனி போடும். காய்ச்சல் வந்தால் மட்டும் காலை, மாலை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்யத் தக்கவை

1. எச்சரிக்கைக்கு ஒரு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். கூட்டமான, காற்றோட்டமில்லாத இடத்தில் முகக்கவசம், ஜன்னல் திறந்த அறை, இருமலும் காய்ச்சலும் உள்ளவரிடம் சற்று விலகல், கை கழுவுதல். இவ்வளவு போதும். இதற்கு மேல் செய்யத் தோன்றினால் அது அச்சத்தின் குரல் என்று அறியலாம்.

2. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை நலமாயிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த மருத்துவர், எந்த எண், பழைய மருத்துவக் குறிப்பு எங்கே, யார் உடன் வருவார் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். தொலைத்தீவுகளில் இருப்போர் கப்பல், ஹெலிகாப்டர் விசாரிக்கும் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்பாடு இருக்கிறது என்பதே பாதித் தைரியம்.

3. சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். முதல் முறை பலரை வீழ்த்தியவை இவையே. தடுப்பூசி இனியும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

4. திணறல் எழும்போது நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் படபடப்பு தணியும்.

5. படிப்படியாக ஏறுங்கள். அஞ்சும் இடங்களை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்துங்கள். என் வரிசை இது: மாலையில் மெரினா பார்க், கூட்டம் குறைந்த நேரத்தில் ஜங்கிளிகாட் சந்தை, சாத்தம் ஜெட்டியிலிருந்து பேம்புஃபிளாட் போகும் படகு, திருமண மண்டபம், கடைசியில் சென்னைக் கப்பல். ஒவ்வொன்றிலும் அச்சம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடாமல், அது பாதியாகத் தணியும் வரை அங்கேயே இருக்க வேண்டும். அதே இடத்துக்கு மூன்று நான்கு முறை போனபின் அடுத்த படி.

நான் நான்கு படிகள் ஏறிவிட்டேன். ஐந்தாவதுதான் பெரிது. மூன்று நாள் பயணம். பங்க் வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கூடத்தில். 2021 க்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. இராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் என் தாயார் இருக்கிறார், வயது 86. "எப்பய்யா வருவ?" என்று தொலைபேசியில் கேட்பார். வரும் தை மாதம் போவது என்று தீர்மானித்திருக்கிறேன். கூடத்தில் முகக்கவசம், பகலெல்லாம் மேல்தளத்துக் கடற்காற்று, ஊர் சேர்ந்ததும் சளியோ காய்ச்சலோ இருந்தால் அது போகும் வரை தாயாரிடம் நெருங்காமை என்ற மூன்று விதிகளோடு.

6. இரவில் தூக்கமின்மை, ஆஸ்பத்திரிக் கனவுகள், எதிலும் பற்றின்மை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட ஏதுமில்லை. நேரில் போக இயலாதவர்களுக்கு மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை உண்டு. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்தாருக்கு

"உங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லாதீர்கள். அது அவர் வாயை அடைக்குமே தவிர அச்சத்தை அடைக்காது. அவருக்குப் பதிலாக எல்லா வெளி வேலைகளையும் நீங்களே செய்துவிடுவதும் உதவி ஆகாது. "வாங்க, நானும் கூட வர்றேன், கொஞ்ச நேரம் இருந்துட்டு வருவோம்" என்பதே பயன் தரும் சொல். வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் அவருடைய நம்பிக்கை குலையும்.

குழந்தைகளையும் எண்ணிப் பாருங்கள். தாத்தா தங்களைத் தொடாமல் விலகுவதன் காரணம் அவர்களுக்குத் தெரியாது. "தாத்தாவுக்குப் பெரிய காய்ச்சல் வந்து போச்சு, அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் இருக்கு, சரியாயிரும்" என்று சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

சுனாமிக்குப் பிறகு நாம் கடலை விட்டு ஓடிவிடவில்லை. மீன் பிடிக்கிறோம், படகு ஏறுகிறோம். எச்சரிக்கை மணி ஒலித்தால் எந்த மேட்டுக்குப் போவது என்றும் தெரிந்து வைத்திருக்கிறோம். கொரோனாவோடும் அப்படித்தான் வாழ வேண்டும். அது மீண்டும் வரலாம். ஆனால் அன்று வெறுங்கையோடு நின்ற உடல் இன்று படையோடு நிற்கிறது.